'சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது': மோப்ப நாய் ஏன் பெரும்பாலும் யாரையும் கவ்விப் பிடிப்பதில்லை?

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்கு இந்த வரிகள் கிட்டத்தட்ட மனப்பாடம். "மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சம்பவ இடத்தில் இருந்து சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." கொலை, கொள்ளை, கோயில் உண்டியல் உடைப்பு, பூட்டிய வீட்டில் நகைத் திருட்டு என்று எந்தச் செய்தியாக இருந்தாலும் ஊர் பெயர் மட்டும்தான் மாறும். கைரேகை நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரித்தனர் என்ற இன்னொரு வரியும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

படிக்கும்போது நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நாய் வந்தது, தோற்றது, போனது. அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு செய்து பயிற்சி கொடுத்து, வேனில் ஏற்றிக் கூட்டி வருகிறார்கள்?

உண்மையில் அந்த "நின்றுவிட்டது" என்பது பல நேரங்களில் நல்ல துப்பு. "அவர் வீட்டு வாசலில் போய் நின்றது" என்று செய்தி வரும்போதுதான் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஏன் என்று புரிய, நாயின் மூக்கில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் வர வேண்டும்.

நாய் எதை மோப்பம் பிடிக்கிறது?

மனித உடலில் இருந்து நிமிடத்துக்குப் பல ஆயிரம் தோல் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களோடு வியர்வை, தோலில் வாழும் பாக்டீரியா, நாம் பயன்படுத்தும் சோப்பு எல்லாம் கலந்து ஆளுக்கு ஆள் மாறுபடும் ஒரு வாசனை உருவாகிறது. நாம் நடந்துபோன வழியெல்லாம் அது சிந்திக்கொண்டே வரும். மண் தரையாக இருந்தால் மிதிபட்ட புல், நசுங்கிய செடி, கிளறப்பட்ட ஈர மண் ஆகியவற்றின் வாசனையும் சேர்ந்துகொள்ளும்.

மனித மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 முதல் 30 கோடி வரை இருக்கும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள். ஒரு பாதையில் கால்தடம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக்கூட நாய் கண்டுபிடிக்கும். அதற்கு எத்தனை காலடிகள் தேவை என்று வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2005-ல் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து காலடிகள் போதும் என்று தெரிந்தது. முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் இடையே சில நொடிகள்தான் வித்தியாசம். அந்தச் சில நொடிகளில் வாசனை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை வைத்து, ஆள் போன திசையை நாய் முடிவு செய்கிறது.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் நிற்கிறது?

முதல் காரணம் ரொம்ப சிம்பிள். குற்றவாளி பைக்கில் ஏறிப் போய்விட்டார். நடந்து போகும்வரை தரையில் விழுந்துகொண்டிருந்த வாசனை, வண்டியில் ஏறிய இடத்தோடு அறுந்துவிடுகிறது. நாய் அங்கே வட்டமடிக்கும், தலையைத் தூக்கும், ஹேண்ட்லரைத் திரும்பிப் பார்க்கும். செய்தியில் "நின்றுவிட்டது" என்று வருவது இந்தக் காட்சிதான். விசாரணை அதிகாரிக்கு இது முக்கியமான தகவல். வந்தவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தவில்லை, இந்த முட்டுச் சந்தில் மறைத்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் தெருவில் உள்ள எல்லா சிசிடிவியையும் பார்க்கத் தேவையில்லை, இந்த முனையில் இருக்கும் டீக்கடை கேமராவை முதலில் பார்க்கலாம். ஓடிய வழியில் வீசப்பட்ட கையுறை, உடைத்த பூட்டு, காலி நகைப் பெட்டி கிடைப்பதும் உண்டு. நாய் சுட்டிக்காட்டியது ஒரு ஆளை அல்ல, ஒரு இடத்தை. அந்த வழக்கில் அதற்கு மேல் அதனிடம் கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

இரண்டாவது காரணம் நாம்தான். அதாவது கூட்டம். காலையில் வேலைக்கார அம்மா வந்து பார்த்து அலறுகிறார், பக்கத்து வீட்டார் ஓடி வருகிறார்கள், உறவினர்கள் உள்ளே போய் பீரோவைத் திறந்து பார்க்கிறார்கள், யாரோ செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள், பீட் போலீஸார் வருகிறார்கள், இன்ஸ்பெக்டர் வருகிறார். மாவட்டத் தலைநகரில் இருந்து நாய் வந்து சேரும்போது அந்த அறையில் முப்பது பேரின் வாசனை இருக்கும். இதில் திருடனின் வாசனை எது என்று நாய்க்கு யார் சொல்வது? அவர் மட்டுமே தொட்ட ஒரு பொருள், உதாரணமாக விட்டுச்சென்ற கடப்பாரையோ கைக்குட்டையோ கிடைத்தால்தான் வேலை சரியாகத் தொடங்கும்.

மூன்றாவது, நம்ம ஊர் வெயில். நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சிரைக்கும்போது காற்று பெரும்பாலும் வாய் வழியாகப் போய்வரும், மோப்பம் பிடிக்கும் திறன் குறைந்துவிடும். கூடவே கொதிக்கும் தார் ரோட்டில் வாசனையும் சீக்கிரம் ஆவியாகிவிடும், உள்ளங்காலும் சுடும். அதிகாலை ஈரத்தில் ஒரு வயல் வரப்பில் மோப்பம் பிடிப்பதும், மே மாத மதியம் இரண்டு மணிக்கு ஒரு மாநகராட்சி சாலையில் பிடிப்பதும் ஒரே வேலை இல்லை. பெரிய மழை பெய்து தண்ணீர் ஓடியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லா நாயும் 'மோப்ப நாய்' தானா?

நாம் எல்லாவற்றையும் மோப்ப நாய் என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். துறைக்குள் வேலை தனித்தனி. குற்றவாளியின் தடத்தைப் பின்தொடரும் நாய் வேறு, வெடிகுண்டைத் தேடும் நாய் வேறு, கஞ்சா போன்ற போதைப் பொருளைத் தேடும் நாய் வேறு. குண்டு தேடும் நாய்க்கு போதைப் பொருளையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதைத் தவிர்க்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு பையின் முன்னால் நாய் உட்கார்ந்துவிட்டால், உள்ளே இருப்பது கஞ்சாவா குண்டா என்று தெரியாமல் எப்படித் திறப்பது?

'உட்கார்வது' என்பதும் பயிற்சியில் வருவதுதான். குண்டு தேடும் நாய் குரைக்கக் கூடாது, காலால் பறிக்கக் கூடாது. பொருளைக் கண்டதும் அமைதியாக உட்கார வேண்டும், அல்லது அசையாமல் நிற்க வேண்டும். விமான நிலையத்திலோ சென்ட்ரல் ரயில் நிலையத்திலோ உங்கள் பையை முகர்ந்துவிட்டு ஒரு லேப்ரடார் வாலாட்டிக்கொண்டு போனால் நிம்மதியாக இருக்கலாம். (அதைத் தட்டிக்கொடுக்கவோ பிஸ்கட் நீட்டவோ வேண்டாம். அது டியூட்டியில் இருக்கிறது.)

இந்தப் பிரிவில் இந்தியாவின் பெரிய பெயர் ஸஞ்சீர். மும்பை போலீஸின் லேப்ரடார். 1993 தொடர் குண்டுவெடிப்பைத் தொடர்ந்து நடந்த தேடல்களில் 3,329 கிலோ ஆர்டிஎக்ஸ் வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உதவியதாகப் பதிவாகியிருக்கிறது. 2000-ம் ஆண்டு நவம்பரில் எலும்புப் புற்றுநோயால் இறந்தபோது போலீஸ் மரியாதையுடன் வழியனுப்பினார்கள்.

சமீபத்தில் அதிகம் பேசப்பட்டவை கேரள போலீஸின் மாயாவும் மர்ஃபியும். இரண்டும் பெல்ஜியன் மாலினாய் இனம், புதைந்திருக்கும் மனித உடல்களைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவை. 2024 வயநாடு நிலச்சரிவில் சேற்றுக்கும் பாறைக்கும் அடியில் உடல்கள் எங்கே இருக்கலாம் என்று காட்டியவை. 2025 தொடக்கத்தில் தெலங்கானாவின் எஸ்.எல்.பி.சி. சுரங்கப்பாதை இடிந்து தொழிலாளர்கள் சிக்கியபோது அங்கேயும் வரவழைக்கப்பட்டன.

இந்த வேலைகளுக்கு ஒரு வசதி உண்டு. நாய் சொன்னது சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். பையைத் திறந்தால் குண்டு இருக்கும், அல்லது இருக்காது. தோண்டினால் தெரிந்துவிடும். ஆனால் தடம் பிடிக்கும் நாய் ஒருவர் வாசலில் போய் நின்றால்? அவர்தான் குற்றவாளியா என்பதைத் 'திறந்து பார்க்க' வழியில்லை. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

பயிற்சியில் என்ன நடக்கிறது?

போலீஸ் நாய்களுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னையில் 1951-லேயே நாய்ப் படை தொடங்கப்பட்டுவிட்டது. நாட்டின் மிகப் பழைய போலீஸ் நாய்ப் படைகளில் அதுவும் ஒன்று. தேசிய அளவில் பெரிய பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970-ல் தொடங்கியது. சிஆர்பிஎஃப் படைக்கு பெங்களூரு அருகே தரலுவில் நாய் வளர்ப்பு மற்றும் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ராணுவத்துக்கு மீரட். இவை தவிரப் பல மாநில போலீஸ் துறைகள் சொந்தமாகவும் பயிற்சி கொடுக்கின்றன.

குட்டியாக வாங்கும்போதே பார்ப்பது வீரத்தையோ கோபத்தையோ அல்ல, விளையாட்டு வெறியைத்தான். பந்தைப் போட்டால் புதருக்குள் தொலைந்த பிறகும் தேடிக்கொண்டே இருக்கும் குட்டிதான் வேண்டும். சலித்துப்போய் படுத்துவிடும் குட்டி வீட்டுக்கு நல்ல செல்லப் பிராணி, போலீஸுக்கு உதவாது. பட்டாசுச் சத்தம், கூட்டம், மாடிப்படி, வழுக்கும் தரை எதற்கும் மிரளக் கூடாது.

அடிப்படைக் கீழ்ப்படிதலுக்குப் பிறகு வேலைக்கு ஏற்ப ஆறு முதல் ஒன்பது மாதம் வரை பயிற்சி. குண்டு தேடும் நாய்க்கு வரிசையாக டப்பாக்களை வைத்து, ஒன்றில் மட்டும் வெடிமருந்து மாதிரியை வைப்பார்கள். சரியான டப்பாவில் மூக்கை வைத்த கணத்தில் பந்து கிடைக்கும். திரும்பத் திரும்பச் செய்தால், அந்த வாசனை என்றாலே பந்து என்று அதன் தலையில் பதிந்துவிடும். ஆர்டிஎக்ஸ் ஆபத்தானது என்று அதற்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை விஐபி வருகைக்கு முந்தைய மேடைச் சோதனையும் ஒரு கண்ணாமூச்சி விளையாட்டுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாள் முழுக்கத் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் நாய்க்கு ஆர்வம் போய்விடும். அதனால் நீண்ட, வெறுங்கையோடு முடிந்த தேடலுக்குப் பிறகு ஹேண்ட்லரே ஒரு மாதிரியை ஒளித்து வைத்து, நாயைக் கண்டுபிடிக்க விட்டு, பந்து கொடுப்பார். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இடிபாடுகளில் உயிரோடு யாரையும் காணாமல் சோர்ந்த மீட்பு நாய்களுக்காக, மீட்புப் பணியாளர்களே ஒளிந்துகொண்டு தங்களைக் கண்டுபிடிக்க வைத்த கதை பிரபலம்.

பயிற்சி நாய்க்கு மட்டும் இல்லை, ஹேண்ட்லருக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலும் கான்ஸ்டபிள், தலைமைக் காவலர் அளவில் இருப்பவர்கள். பயிற்சி மையத்துக்கு நாயோடு போய், அதோடே திரும்பி வருவார்கள். கேரளா போன்ற இடங்களில் ஒரு நாய்க்கு இரண்டு ஹேண்ட்லர்கள். ஒருவர் விடுப்பில் போனால் நாய் பட்டினி கிடக்கக் கூடாது, வேலையும் நிற்கக் கூடாது. காலையில் ஓட வைப்பது, சீப்பால் வாரிவிடுவது, காது, நகம், பல் பார்ப்பது, அளந்து சாப்பாடு போடுவது, வேறு யார் கையாலும் தின்னாமல் பழக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்ற போலீஸ்காரர்களுக்குப் பணியிட மாற்றம் சாதாரண விஷயம். இவர்களுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை, ஏனென்றால் பழகிய கையை மாற்றினால் இன்னொருவரோடு நாய் ஒத்துப்போகக் காலம் பிடிக்கும். நாயின் பணிக்காலம் தோராயமாக எட்டு முதல் பத்து வருடம். அத்தனை வருடமும் அதன் காது நிமிர்வதையும், வால் ஆடும் வேகம் மாறுவதையும் பார்த்துப் பார்த்து, அது 'பேசுவதை' மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்கிறார் ஹேண்ட்லர்.

பிரச்சினை என்னவென்றால், நாயும் அவரை அதே அளவுக்குப் படித்து வைத்திருக்கிறது.

கயிற்றின் இரண்டு முனைகள்

ஜெர்மனியில் 1900-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடும் என்று பரபரப்பு. மூன்றும் நான்கும் எத்தனை என்று கேட்டால் குளம்பால் ஏழு முறை தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907-ல் ஆராய்ந்து பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை வரவில்லை. சரியான எண் வரும்போது கேட்பவரின் தலையும் உடலும் தன்னை அறியாமல் லேசாக அசைவதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியது. உரிமையாளர் ஏமாற்றவில்லை. அவருக்கே தெரியாமல் நடந்தது.

போலீஸ் நாய்களுக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் சர்ச்சை. பயிற்சி பெற்ற 18 ஹேண்ட்லர்-நாய் ஜோடிகள். ஒரு தேவாலயக் கட்டிடத்தின் அறைகளில் போதைப் பொருள், வெடிமருந்து வாசனை ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாக ஹேண்ட்லர்களிடம் சொன்னார்கள். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி, அங்கேதான் இருக்கிறது என்றும் நம்ப வைத்தார்கள். உண்மையில் எந்த அறையிலும் எதுவும் இல்லை. சரியான பதில் 'எதுவும் இல்லை' மட்டுமே.

நடந்தது: மொத்தம் 144 தேடல்களில் 21 மட்டுமே தவறான அறிவிப்பு இல்லாமல் முடிந்தன. நாய் 'கண்டுபிடித்துவிட்டது' என்று ஹேண்ட்லர்கள் அறிவித்தது 225 முறை. நாயை ஈர்க்க வைத்த தின்பண்டத்தை விட, ஹேண்ட்லர் கண்ணுக்கு மட்டுமே அர்த்தம் தரும் சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில் அறிவிப்புகள் அதிகம்.

நாய் பயிற்சி அமைப்புகள் இந்த ஆய்வின் முறையைக் கடுமையாக விமர்சித்தன, ஹேண்ட்லர்களைத் தவறாக வழிநடத்தி வைத்த சோதனை என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் ஒரு கொலை நடந்த ஊரில் ஹேண்ட்லர் வேனில் இருந்து இறங்கும்போதே, "சார், மேலத்தெரு பையன் மேலதான் எல்லாருக்கும் டவுட்டு" என்று யாராவது சொல்லாமல் இருப்பார்களா? சிவப்புக் காகிதத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. கயிற்றை லேசாகத் தளர்த்துவது, ஒரு வாசலில் அரை நொடி கூடுதலாக நிற்பது போதும். பத்து மாதம் இவர் முகத்தைப் பார்த்தே பந்து வாங்கிப் பழகிய நாய் அது.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

உச்ச நீதிமன்றம் இதை 1969-லேயே பேசியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ரயிலைத் தடம்புரளச் செய்த வழக்கு. நாய் ஒருவரை அடையாளம் காட்டியிருந்தது. நாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியாது, அதன் சார்பில் மனிதர் பேசுகிறார், அது கேள்விச் சாட்சியம் ஆகாதா என்ற வாதம் எழுந்தது. நீதிமன்றம் கவனித்த இன்னொரு விஷயம் சுவாரஸ்யமானது. ரத்தப் பரிசோதனையிலும் ரசாயனச் சோதனையிலும் பொருளுக்குச் சொந்த விருப்பம் கிடையாது. நாயோ புத்தியுள்ள விலங்கு. யோசிக்கும் திறன் இருக்கும் இடத்தில் பிழை, ஏமாற்றம், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளல் எல்லாமே சாத்தியம் என்றார்கள். கலிஃபோர்னியா ஆய்வுக்கு நாற்பது வருடம் முன்பே! அந்த வழக்கில் தண்டனை உறுதியானது, ஆனால் மற்ற ஆதாரங்களின் பலத்தில். நாய் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பு கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

1993-ல் டெல்லி வழக்கு ஒன்று. மனைவியைக் கொன்றதாகக் கணவர் மீது குற்றச்சாட்டு. போலீஸ் நாய் அவரைச் சுட்டிக்காட்டியதும் ஆதாரங்களில் ஒன்று. அப்படிச் சுட்டிக்காட்டுவது தவறான சந்தேகத்துக்கும் வழிவகுக்கலாம் என்று சொல்லி அவரை விடுவித்தது உச்ச நீதிமன்றம். யோசித்துப் பாருங்கள், தன் சொந்த வீட்டில் யாருடைய வாசனைதான் இருக்கும்?

2001-ல் ஆந்திர வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: துப்புத் துலக்க நாயைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் அந்தச் சாட்சியத்தைக் குற்றவியல் நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாய் தவறு செய்யலாம், ஹேண்ட்லர் தவறு செய்யலாம், ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்ளலாம். 2008-ல் அஸ்ஸாம் வழக்கிலும் இதே நிலைதான்: விசாரணைக்கு உதவும், குற்றத்தை நிரூபிக்க உதவாது.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்று கேட்டால், டெக்சாஸில் நடந்ததைப் பார்க்கலாம். 2004-ல் ஒரு கொலை. வரிசையாக வைத்த டப்பாக்களில் சந்தேக நபர்களின் வாசனையை வைத்து, ஒரு ஷெரிஃப் அலுவலக அதிகாரி தன் பிளட்ஹவுண்ட் நாய்களை விட்டு அடையாளம் காட்ட வைத்தார். அதை முக்கிய ஆதாரமாக வைத்து ஒருவருக்கு 75 ஆண்டு சிறை. அவர் மகளுக்கு ஆயுள் தண்டனை. மாநிலத்தின் உயர்ந்த குற்றவியல் நீதிமன்றம் 2010-ல் தந்தையையும், 2013-ல் மகளையும் விடுவித்தது. நாயின் வாசனை வரிசைச் சோதனையை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சொன்னது. நெதர்லாந்தில் இதே வகைச் சோதனையில், எந்தக் குழாயில் சந்தேக நபரின் வாசனை இருக்கிறது என்று ஹேண்ட்லருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்த விஷயம் 2006-ல் வெளியே வந்தது. விதிப்படி அவருக்கு அது தெரியவே கூடாது. பல பழைய வழக்குகள் மறுபடி கேள்விக்குள்ளாகின.

கோர்ட்டுக்கு முன்பே வரும் தீர்ப்பு

இந்திய நீதிமன்றம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஆனால் நாய் ஒரு வாசலில் நின்ற அன்று நடப்பது வேறு. தெருவே வேடிக்கை பார்க்கிறது, பத்துப் பேர் வீடியோ எடுக்கிறார்கள், மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் "நாயே காட்டிக் கொடுத்துருச்சு" என்று சுற்றுகிறது. அந்த வீட்டுப் பையன் முந்தின நாள் அந்தப் பக்கமாகப் பால் போட வந்தவனாக இருக்கலாம். காலையில் சத்தம் கேட்டு முதலில் ஓடிப் போய்ப் பார்த்தவனாகக்கூட இருக்கலாம். வாசனை 'இந்த ஆள் இங்கே இருந்தார்' என்று வேண்டுமானால் சொல்லும். எப்போது, எதற்கு, என்ன செய்தார் என்பதைச் சொல்லாது.

இதில் ஊடகங்களுக்கும் பங்கு இருக்கிறது. "யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்ற வரியே ஒரு தவறான எதிர்பார்ப்பை விதைக்கிறது. தடம் பிடிக்கும் நாயின் வேலை கடித்துப் பிடிப்பது இல்லை. தாக்கிப் பிடிக்கும் பயிற்சி வேறு, அதற்கான நாய்கள் வேறு. எங்கே நின்றது, சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் கழித்து வந்தது, எந்தப் பொருளை முகரக் கொடுத்தார்கள் என்ற மூன்று தகவல்களில் ஒன்றுகூடப் பெரும்பாலான செய்திகளில் இருப்பதில்லை.

சரிசெய்ய வழி இருக்கிறது, செலவும் அதிகம் ஆகாது. நாய் ஓடும் முழு நேரத்தையும், கயிறும் ஹேண்ட்லர் முகமும் தெரியும்படி வீடியோ எடுக்கலாம். சந்தேக நபர் யார் என்பதை ஹேண்ட்லருக்குச் சொல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு நாய்க்கும் சரியாகச் சொன்னது, தவறாகச் சொன்னது இரண்டையும் பதிவேட்டில் வைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும், அதை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுகளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இடத்தைச் சீல் வைத்து, கூட்டத்தை வெளியே நிறுத்தும் பழக்கம் இதனால் வந்தாலே நாயின் வேலை பாதி சுலபமாகிவிடும்.

நாய் உங்கள் வீட்டு முன் நின்றால்?

போலீஸார் உங்களிடம் கேள்வி கேட்கலாம், அதில் தவறில்லை. எழுத்து மூலம் அழைத்தால் விசாரணைக்குப் போக வேண்டும். ஆனால் 15 வயதுக்கு உட்பட்ட, 60 வயதைத் தாண்டிய ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோய் உள்ளவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இதைச் சொல்வது அதே சட்டத்தின் 179-வது பிரிவு. உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை, அரசியலமைப்பின் 20(3) பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. கைது செய்தால், விசாரணையின்போது உங்கள் வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. சம்பவ இடத்துக்கு நீங்கள் முன்பே போய் வந்திருந்தால், எப்போது, யாருடன், எதற்காகப் போனீர்கள் என்பதை முதல் விசாரணையிலேயே சொல்லி, அது வாக்குமூலத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.